ஏழாவது வரி

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதுதான் இப்போது அவளுக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் சிரித்ததைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை, அவர்கள் காலையிலிருந்தே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், புரொஜெக்டர் அணைந்தால் சிரிப்பு, டீயில் ஈ விழுந்தால் சிரிப்பு, சிரிக்கத்தான் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து வந்துவிட்ட கூட்டம். ஆனால் மங்கையர்க்கரசி எதற்குச் சிரித்தாள்? வாய் தானாகத் திறந்தது, பல் தெரிந்தது, ஒரு சத்தம்கூட வந்தது, அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு கேவலமான சத்தம். பஸ்ஸில் யாராவது காலை நசுக்கினால் நசுங்கினவளே சாரி சொல்லுவாளே, அந்த ஜாதிச் சத்தம். பயிற்சி நடத்துகிற சுதர்சன் சார் அந்த ஜோக்கை ரொம்ப ரசித்துச் சொன்னார். மேசை மேல் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டு, ஒரு காலை ஆட்டிக்கொண்டு, “ஒரு பொண்ணு. ஃபர்ஸ்ட் இயர். தமிழ் மீடியம். லேப் மேனுவல்ல இருக்கிற புரோகிராமை அப்படியே டைப் பண்ணும்மான்னு சொல்லிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வரேன். பாத்தா, அப்படியே டைப் பண்ணி வச்சிருக்கா. லைன் நம்பரோட!” என்றார். புத்தகத்தில் புரோகிராமை அச்சடிக்கும்போது இடது ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போட்டிருப்பார்கள். அந்த எண் புரோகிராமில் சேராது. அதையும் சேர்த்து அடித்தால் கம்ப்யூட்டர் பக்கம் பக்கமாகத் தப்பு சொல்லும். இது எல்லோருக்கும் தெரியும். யாருக்குத் தெரியும்? தெரிந்தவர்களுக்குத் தெரியும். “ஒண்ணு, இன்க்ளூட். ரெண்டு, மெயின். மூணு, பிராக்கெட்!” என்று சார் விரலை மடக்கி மடக்கிக் காட்டினார், பின் வரிசையில் ஒருத்தன் மேசையைத் தட்டினான், அவளும் சிரித்தாள். அந்தப் பெண் அவள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், இதே கட்டடம், கீழே இருக்கிற லேப், ஜன்னலோர மெஷின், டைப் செய்தது அவள்தான். தன்னையே சொல்கிற ஜோக்குக்குத் தானே பல்லைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தூ.

கால் வேறு ஜில்லென்று இருந்தது. கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்போடு வரக் கூடாது, வாசலில் கழற்றிப் போட வேண்டும், தூசி மெஷினுக்கு ஆகாதாம். மெஷினுக்கு ஆகாது, சரி, மனுஷிக்கு இந்த ஏசித் தரை ஆகுமா என்று யாராவது யோசித்தார்களா? வசதியானவர்கள் இதற்கென்றே சாக்ஸ் கொண்டு வருவார்கள். கூடப் பயிற்சிக்கு வந்த ஹேமச்சந்திரன் சாம்பல் நிறத்தில் தடியாக ஒரு சாக்ஸ் போட்டிருந்தான், அதைப் போட்டுக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்து காட்டியதற்கும் காலையில் ஒரு சிரிப்பு ஆகிவிட்டது. அவள் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள். எம்.டெக் சேர்ந்த எல்லோரும் இங்கே பாடம் சொல்லித்தர உதவியாக வேலை செய்ய வேண்டும், டி.ஏ. என்று பேர், உதவித்தொகை வாங்குகிறவனுக்கு அதுதான் கடமை. அதற்குத்தான் இன்றைக்குப் பயிற்சி. காலையில் சொற்பொழிவு, சாப்பாட்டுக்குப் பிறகு நடிப்பு. ஒருத்தர் டி.ஏ.வாக நடிக்க வேண்டும், இன்னொருத்தர் ஒன்றும் தெரியாத மாணவனாக நடிக்க வேண்டும், சார் மார்க் போடுவார். மார்க் நன்றாக வாங்குகிறவர்களுக்கு முதல் வருஷப் பிள்ளைகளின் லேப். மற்றவர்கள் ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டில் டிக் அடித்துக்கொண்டு இருக்கலாம். பாதிப் பேருக்கு அந்த டிக் வேலைதான் வேண்டும், நிம்மதியான வேலை, மொபைல் பார்த்துக்கொண்டே செய்யலாம். மங்கைக்கு லேப்தான் வேண்டும். வேலைக்கு ஆசைப்படுகிற மாதிரி இல்லை, வேறு மாதிரி, பசிக்கிற மாதிரி வேண்டும். அந்த ஜன்னலோர மெஷின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அங்கே இந்த வருஷம் யார் உட்கார்ந்திருப்பாளோ அவள் பக்கத்தில். இதை யாரிடமாவது சொன்னால் லூசு என்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

“ரூல் நம்பர் ஒன்,” என்று சார் அடுத்த ஸ்லைடைப் போட்டார். பெரிய எழுத்தில் ஒரே வரி. மாணவரின் கீபோர்டைத் தொடாதீர்கள். கீழே ஒரு கை படம், அதன் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு. “உங்க கை பட்ட நிமிஷமே அது உங்க புரோகிராம் ஆயிடும். அவன் கத்துக்க மாட்டான். பேசுங்க, கேளுங்க, சுட்டிக் காட்டுங்க. தொடாதீங்க. தொட்டா இந்தப் பயிற்சியில ஜீரோ.” எப்படி இவரால் சொல்ல முடிகிறது? எப்படி நாக்கு புரள்கிறது? அவளுக்கு அந்தக் கை ஞாபகம் இருக்கிறது. ஸ்லைடில் இருக்கிற கை இல்லை, நிஜக் கை, வலது கை, மோதிர விரலில் பச்சைக்கல் மோதிரம், மணிக்கட்டில் வாட்ச் தளர்வாகத் தொங்கும். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர், இதே டி.ஏ. வேலைதான் அவருக்கும். அந்தக் கை அவளுடைய தோளுக்கு மேலே வந்தது. நீல நிறத் திரை முழுக்கத் தப்பு, வரிக்கு வரி தப்பு, எண்ணுக்கு முன்னால் நான் எதிர்பார்த்தது வேறு என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள், என்ன எதிர்பார்த்தாய், சொல்லித்தொலையேன், சொன்னால் தருகிறேனே. “என்னம்மா இது, கதை எழுதி வச்சிருக்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் கை. அவளுடைய விரல்கள் கீபோர்டின் மேல் இருந்தன, அவற்றை எடுக்கக்கூட நேரம் தரவில்லை, அவள்தான் பிடுங்கிக்கொண்டாள், அடுப்பைத் தொட்டவள் மாதிரி. டக் டக் டக் என்று ஒவ்வொரு வரியாக எண்ணை அழித்துக்கொண்டே போனார், ஓட்டினார், அந்தப் புரோகிராம் சொல்ல வேண்டிய ஹலோ வேர்ல்ட் திரையில் வந்தது. “அவ்ளோதான்மா. சிம்பிள்.” பக்கத்து மெஷினில் இருந்தவளைப் பார்த்து ஒரு சிரிப்பு. போய்விட்டார். ஹலோ வேர்ல்ட் அங்கேயே நின்றது. யாருக்கு ஹலோ? அவளுக்கு இல்லை, அது மட்டும் தெரிந்தது.

சிம்பிள் என்ற வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ அவர்களை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். உனக்கு சிம்பிள், சரி, சந்தோஷம், அதை எதற்கு எனக்குச் சொல்கிறாய்? சொன்னால் எனக்கும் சிம்பிள் ஆகிவிடுமா? சிம்பிள் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதைக் கேட்பது, கேட்டால் சிம்பிளானதே தெரியாதவள் ஆகிவிடுவோம். அதனால் கேட்கவில்லை. அந்த எண்ணை ஏன் அழித்தார் என்று தெரியாமலே அந்த செமஸ்டர் முழுக்க ஓட்டினாள். எண் போடக் கூடாது என்று மட்டும் தெரிந்துகொண்டாள், சாமி படத்துக்கு முன்னால் கால் நீட்டக் கூடாது என்கிற மாதிரி, ஏன் என்று தெரியாத ஒரு கூடாது. அரியலூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படித்தவளுக்கு மனப்பாடம் புதுசா? புரோகிராம்களைச் செய்யுள் போல ஒப்பித்தாள், பிராக்கெட் திற, பிராக்கெட் மூடு, அரைப்புள்ளி, சோறு சாப்பிடும்போதுகூட வாய் முணுமுணுக்கும், ஹாஸ்டலில் ஸ்லோகம் சொல்கிறாள் என்றே நினைத்தார்கள். பாஸ் ஆனாள். நல்ல மார்க். நல்ல மார்க் வாங்கினால் எல்லோரும் உனக்குத் தெரியும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், இது இன்னொரு அயோக்கியத்தனம். இரண்டாம் வருஷம் ஏதோ ஒரு மதியம் மெஸ்ஸில் தட்டு கழுவ வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம், “ஏழாவது வரியப் பாருடி, அங்கதான் தப்பு,” என்றாள். ஏழாவது வரி. அடக் கடவுளே. அதற்குத்தானா? அதற்குத்தான் அந்த எண்ணா? தட்டில் இருந்த சாம்பார் மேலெல்லாம் வழிய அப்படியே நின்றாள். சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, கழுத்திலிருந்து மேலே ஒரு சூடு ஏறியது, அந்தச் சூடுதான் இன்னும் இறங்கவில்லை. ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அதைச் சொல்ல அந்த மோதிரக்காரருக்கு நேரமில்லை, எண்ணை அழிக்க நேரம் இருந்தது.

“எட்டி, என்னத்துக்கு மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க?” என்று ஃபெபினா விலாவில் இடித்தாள். நாகர்கோவில்காரி, பக்கத்து நாற்காலி, ஹாஸ்டலில் பக்கத்து அறை, வாய் ஓயாது. “தூக்கமா? அந்தாளு பேச்சுக்கு எனக்கே கண்ணு சொக்குது, பின்ன.” “ஒண்ணுமில்ல.” “ஒண்ணுமில்லன்னா எதுக்கு பேனா மூடியக் கடிக்குத? பாவம் கேட்டியா, அது உனக்கு என்ன பண்ணிச்சு?” அங்கே நடிப்பு ஆரம்பித்துவிட்டது. ஒருத்தன் டி.ஏ., ஒருத்தன் மாணவன். மாணவனாக வந்தவன் சட்டை மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டான், எண்ணெய் தடவின மாதிரி தலையை வாரிக்கொண்டான், “சாரு, எனுக்கு ஒண்ணியும் பிரியல சாரு,” என்றான், ஹோ என்று சிரிப்பு. அடுத்தவள் தலையைச் சொறிந்தாள். அதற்கடுத்தவன் மவுஸைத் தூக்கிக் காதில் வைத்தான். தெரியாதவனாக நடி என்றால் இவர்களுக்கெல்லாம் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறான், ஒரே பேச்சு, ஒரே முழி. இதில் ஒருத்தனாவது தெரியாதவனாக இருந்திருக்கிறானா? இருந்திருந்தால் தெரியுமே, தெரியாதவன் புரியவில்லை என்று சொல்லவே மாட்டான். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறவனுக்குப் பாதி புரிந்துவிட்டது. தெரியாதவன் தலையை ஆட்டுவான். ம் என்பான். புரிஞ்சிடுச்சு சார் என்பான், அதுவும் சீக்கிரமாகச் சொல்லுவான், நீ சீக்கிரம் அந்தப் பக்கம் போய்த் தொலைய வேண்டும் என்று. எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் அவள். புரிஞ்சிடுச்சு சார். புரிஞ்சிடுச்சு மேடம். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு வழவழவென்று ஆகிவிட்டது. எழுந்து நின்று சொல்லலாமா, நீங்கள் நடிக்கிறது தப்பு, நான் காட்டுகிறேன், அதில் நான்தான் இங்கே கைதேர்ந்தவள் என்று? சொல்லலாம். சொன்னால் ஓ அப்படியா என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வையில் பாதி பரிதாபம் இருக்கும், அதற்கு இந்த ஏசித் தரையில் விழுந்து செத்துப்போகலாம்.

ஆனால் சொல்லியாக வேண்டும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் அந்த ஜோக் அடுத்த வருஷமும் வரும், அதற்கடுத்த வருஷமும் வரும், சார் தலை நரைத்து ரிட்டயர் ஆகும் வரைக்கும் அவள் அந்த மேசை மேல் ஒன்று, இன்க்ளூட், இரண்டு, மெயின் என்று டைப் அடித்துக்கொண்டே இருப்பாள். என்ன சொல்வது? சார், அந்தப் பொண்ணு நான்தான். நல்லாயிருக்கிறது, ஆனால் சினிமா வசனம். சார், நீங்க சொன்ன அந்தப் பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கா. இது அதைவிட மோசம், பின்னாலேயே பாட்டு வரும் போலிருக்கிறது. சார், கீபோர்டைத் தொடக் கூடாதுன்னு சொல்றீங்களே, நீங்க தொட்டீங்களே. இது சரி. இதுதான் சரி. ஆனால் இதைச் சொன்னால் லேப் கிடைக்குமா? மார்க் போடுகிறவர் அவர். மூஞ்சியில் அடித்த மாதிரி பேசிவிட்டு மார்க்கும் வேண்டும் என்றால் எப்படி? முதலில் நன்றாகச் செய்துவிட்டு, மார்க் வாங்கிவிட்டு, அப்புறம் சொல்லலாம். ஆமாம், அப்புறம். எப்போதும் அப்புறம்தான். இவள் பிறந்ததே அப்புறம் சொல்கிற ஜாதகத்தில். பயம், வேறு என்ன. கோபம் கோபம் என்று உள்ளே கொதிக்கிறதே தவிர மேலே தட்டு போட்டு மூடியிருக்கிறது பயம். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, ஓ நீயா என்று சிரித்துவிட்டால்? அதுகூடப் பரவாயில்லை. ஞாபகமே இல்லை என்றால்? காலையில் வருகைப் பதிவில் அவள் பேரைப் படித்தார், கம்ப்யூட்டர் லிஸ்டில் பேர் நீளமாகிக் கடைசி எழுத்து வெட்டுப்பட்டிருக்கும், “மங்கையர்க்கரச்... இது என்னம்மா பேரு, ட்ரெயின் மாதிரி போயிட்டே இருக்கு,” என்றார். அன்றைக்கும் இதையேதான் சொன்னார், அதே ட்ரெயின், அதே சிரிப்பு. சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது. இதில் என்ன நியாயம்? மிதித்தவன் காலுக்கு ஞாபகசக்தி கிடையாது போலிருக்கிறது.

“நெக்ஸ்ட், மங்கையர்க்கரசி. ஸ்டூடண்ட் யாரு? ஹேமச்சந்திரன், நீங்க வாங்க. வீக் ஸ்டூடண்ட், நல்லா டஃபா குடுங்க,” என்று சார் கூப்பிட்டார். ஃபெபினா முதுகில் ஒன்று போட்டாள், “போ மக்களே, கலக்கு.” எழுந்தாள். தரை ஈரமா, இல்லை, அவள் பாதம்தான் வியர்த்திருக்கிறது, இந்த ஏசியிலும். ஹேமச்சந்திரன் சாக்ஸில் வழுக்கிக்கொண்டு வந்து, அவனும் சட்டை மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தான், மோசமான ஆள் என்று சொல்ல முடியாது, மெஸ்ஸில் தண்ணீர் ஜக்கை நகர்த்தித் தருவான், ஆனால் இப்போது நடிகன். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், நின்றுகொண்டு பேசக் கூடாது என்று காலையில் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாள், கை மடியில் இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. அவன் மேனுவலை விரித்து வைத்துக்கொண்டு இழுத்து இழுத்து டைப் அடித்தான். அவள் திரையைப் பார்த்தாள். ஒன்று. இடைவெளி. இன்க்ளூட். இரண்டு. இடைவெளி. அறை முதலில் புரியாமல் பார்த்தது, அப்புறம் புரிந்தது, அப்புறம் வெடித்தது. பின் வரிசையில் அதே மேசை, அதே தட்டு. ஹேமச்சந்திரன் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூன்று, நான்கு என்று அடித்துக்கொண்டே போனான், கடைசி வரி வரைக்கும், ஓட்டினான், திரை முழுக்கச் சிவப்பு. எண்ணுக்கு முன்னால் நான் எதிர்பார்த்தது வேறு. எதிர்பார்த்தது வேறு. எதிர்பார்த்தது வேறு. “மேடம், அப்படியேதான் மேடம் அடிச்சேன், ஏன் மேடம் திட்டுது?” என்று அழுகிற குரலில் சொன்னான். சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கு அந்த எண்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒன்று இரண்டு மூன்று நான்கு, உடம்பில் துணியில்லாமல் வரிசையாக நிற்கிற மாதிரி, எல்லோரும் பார்க்க, அவளுடைய எண்கள், இன்னும் ஒரு நொடி அங்கே இருக்கக் கூடாது, யாரும் பார்க்கக் கூடாது, போ, போ, போய்த்தொலை. டக். ஒரே இழுப்பில் மொத்த எண்ணும் போய்விட்டது. நாலு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட வேகம், ஒவ்வொரு வரியாக அழிக்கிற காலம் எல்லாம் எப்போதோ போயாயிற்று. ஹலோ வேர்ல்ட் என்று வந்தது. சிரிப்பு நின்றது. எதற்கு நின்றது? கீழே பார்த்தாள். கீபோர்டு மேல் அவளுடைய கை. ஹேமச்சந்திரன் தன் விரல்களை நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தான், அடுப்பைத் தொட்டவன் மாதிரி. அவன் இப்போது நடிக்கவில்லை.

“போச்சு!” என்றார் சார். “பாத்தீங்களா எல்லாரும்? இதுதான். இதைத்தான் காலையிலேர்ந்து கத்திட்டிருக்கேன். ஜீரோ.”

மோதிரம் இல்லை. பச்சைக்கல் இல்லை. மற்றபடி அதே கைதான். தோளைத் தாண்டி அதே மாதிரி போயிருக்கிறது, அதே டக், கேட்காமல், சொல்லாமல். நான்கு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த கை தன் உடம்பிலேயே முளைத்திருக்கிறது, அசிங்கம். அந்தாள் அன்றைக்கு அவசரத்தில் அழித்தார், இவள் அவமானத்தில் அழித்தாள், மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதானே? அவன் என்ன கற்றுக்கொண்டான்? கையைப் பிடுங்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டான். அவளுக்குத் தன் மேல் வந்த ஆத்திரத்தில் காது அடைத்தது. திரும்பவும் கையை நீட்டினாள். “ஹலோ, ஹலோ, தொடாதீங்கன்னா—” என்றார் சார். அவள் செய்ததைத் திரும்பப் பெறுகிற அந்த இரண்டு விசைகளை அழுத்தினாள். எண்கள் வந்து நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம், பழையபடி, வரிசையாக. கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“இந்த நம்பர் எல்லாம் எதுக்குப் போட்டீங்க?” என்றாள்.

ஹேமச்சந்திரன் கூட்டத்தைப் பார்த்தான். “எங்க ஊருல இப்படித்தான் மேடம் போடுவாங்க.” இரண்டு பேர் சிரித்தார்கள், முன்பு மாதிரி இல்லை.

“நான் சிரிக்கல. எதுக்குப் போட்டீங்க?”

“மங்கையர்க்கரசி, முடிஞ்சுதும்மா,” என்றார் சார். “இதெல்லாம் சில்லி மிஸ்டேக், எதுக்கு நோண்டறீங்க? எந்திரிங்க, அடுத்தவங்க வரணும்.”

“சார், அதை டைப் பண்ணது நான்தான்.”

வந்துவிட்டது. ஒத்திகை பார்த்த எதுவும் இல்லை. சார் புருவத்தைச் சுருக்கினார். “எதை?”

“லைன் நம்பரை. நீங்க சொன்ன அந்தப் பொண்ணு. கீழ லேப், ஜன்னலோரம். நாலு வருஷம் முன்னாடி. நீங்கதான் டி.ஏ. என் கீபோர்டுல நீங்கதான் அழிச்சீங்க.”

ஃபெபினா “எட்டி” என்று மெதுவாகச் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. சார் அவள் முகத்தைப் பார்த்தார், நிஜமாகவே தேடினார், அதை மறுக்க முடியாது, தேடிவிட்டுத் தலையை ஆட்டினார். “இல்லையேம்மா. நான் சொன்னது போன வருஷப் பொண்ணு. தேனிப் பக்கம். நீ வேற போலிருக்கு.” அப்புறம் அவளைச் சமாதானப்படுத்துகிறவர் மாதிரி, கொஞ்சம் அன்பாகக்கூட, “இதுக்கு ஏம்மா ஃபீல் பண்ற? வருஷா வருஷம் ஒண்ணு வரும்,” என்றார்.

வருஷா வருஷம் ஒன்று. நாலு வருஷமாக இதைத் தன் சொந்தச் சொத்து மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள், உலகத்திலேயே இப்படி ஒரு முட்டாள் தான் ஒருத்திதான் என்று. அவள் இல்லையாம். தேனியில் ஒருத்தியாம். அதற்கு முந்தின வருஷம் எந்த ஊரோ. வருஷா வருஷம் ஒருத்தி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, சொன்னதை நம்பி, அப்படியே அடித்து, கையைப் பிடுங்கிக்கொண்டு, புரிஞ்சிடுச்சு சார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வருஷா வருஷம் இவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, ஜோக்கை மட்டும் புதுப்பித்து வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த மேனுவல் இதோ மேசை மேல் கிடக்கிறது, புது அட்டை, உள்ளே அதே எண்கள், அது என்னவென்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவைக்க இத்தனை வருஷத்தில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. இந்த ஜூலையில் வரப்போகிறவள் இப்போது எங்கேயோ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருப்பாள். புதுச் செருப்பு வாங்கியிருப்பாள். அதை வாசலில் கழற்ற வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“சரி, டைம் ஆச்சு,” என்று சார் தன் பேப்பரில் எழுதினார், எழுதியது இங்கிருந்தே தெரிந்தது, பெரிய வட்டம். “ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஃபர்ஸ்ட் இயர் லேப் குடுக்க முடியாது. ரெக்கார்ட் கரெக்‌ஷன் பாத்துக்கோங்க. எந்திரிங்க.”

போய்விட்டது. அந்த ஜன்னலோரம் போய்விட்டது, அவளுடைய கையே அதைத் தள்ளிவிட்டது, அதில் ஒரு வார்த்தை பேச முடியாது, ரூல் சரி, சொன்ன ஆள்தான் தப்பு. எழுந்திருக்கலாம். எழுந்தால் அழுகை வரும் என்று தெரிந்தது, கோபத்தில் வருகிற அழுகை, அதை யாரும் கோபம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் ஹேமச்சந்திரன் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையில் மூடியிருந்த மேல் பட்டனைக் கழற்றினான்.

“ஏங்க,” என்றான் அவளிடம், யாருக்கும் கேட்காத குரலில், தன் சொந்தக் குரலில். “நிஜமாவே கேக்கறேன். இதைச் சேத்து அடிக்கக் கூடாதுன்னு தெரியும். அப்ப புக்குல எதுக்குப் போடறான்? நான் யோசிச்சதே இல்ல.”

“மங்கையர்க்கரசி,” என்றார் சார்.

“ஒரு நிமிஷம் சார். இவர் ஒரு சந்தேகம் கேட்டிருக்கார். சொல்லிட்டு எந்திரிக்கிறேன்.” அவள் சார் பக்கம் திரும்பவில்லை. “ஹேமச்சந்திரன், புக்கைப் பாருங்க. ஏழாவது வரி எதுன்னு எனக்குக் காட்டுங்க.”

அவன் விரலை வைத்தான். உடனே வைத்தான்.

“எப்படி அவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?”

“ஓரத்துல ஏழுன்னு...” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். திரையைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான். “அட. இது மெஷினுக்கு இல்ல. நாம பேசிக்கிறதுக்கு.” பின் வரிசையில் யாரும் மேசையைத் தட்டவில்லை. அவன் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து எண்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான், ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு வரிக்கும் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி. மொத்தமாக எடுக்கச் சுருக்கு வழி இருக்கிறது, அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்தான், இப்போது ஏனோ மறந்திருந்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. சார் பேப்பரை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். தொடைக்கு அடியில் இரண்டு கைகளும் மரத்துப்போய், விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவன் நான்காவது வரிக்கு வந்திருந்தான். அவள் கையை எடுக்கவில்லை.